பக்கக் கண்ணாடிக்குப் பின்னால்

ஜனவரி 9

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உன் அண்ணன் உயிரோடும் ஓர் இருமலோடும் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அந்தக் கறுப்பு அறைக்குள் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க ஆள் இருக்கிறதா?

அம்மா எல்லாம் சொல்லியிருப்பாள். அவள் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வாள், நீ பாதியைக் கழித்துக்கொள். வேன் ஒரு சைக்கிளில் இடித்துவிட்டது. சைக்கிளில் வந்த தச்சர் இறந்துவிட்டார். வேன் நிற்கவில்லை. என்னையும் டிரைவர் அண்ணனையும் பிடித்து இங்கே வைத்திருக்கிறார்கள். யார் ஓட்டியது என்று முடிவாகும்வரை இரண்டு பேரும் உள்ளேதான் என்கிறார் வக்கீல்.

இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். ஆகவே ரகசியம் எதுவும் எழுதாதே. உனக்கு எங்கே ரகசியம்! வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பிறந்ததிலிருந்து மூடிவைத்திருப்பவள்.

ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் எல்லோரும் பேசிவைத்துத் திரும்ப வேண்டும். நெஞ்சு உயரத்தில் ஒரு ஜன்னல், அதற்குக் கம்பி, கம்பிக்கு அப்பால் பாதி மரம். மீதிப் பாதி பக்கத்து அறைக்காரர்களுக்கு.

நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. "தங்கச்சி கேமராவுல ஆராய்ச்சி பண்ணுது" என்றால், "கல்யாண வீட்டுக்குப் போட்டோ எடுக்கவா?" என்று கேட்கிறார்கள்.

உன் அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் இருமலுக்கு அங்கே மருந்து கொடுக்கிறார்களா? கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கு. நீ கேட்டு வாங்குகிறவன், என்னைப் போல இல்லை.

அம்மா போனில் தினமும் அழுகிறாள். "லைசென்சுகூட இல்லாத புள்ள, மூட்டை ஏத்தி இறக்கப் போனவன். அந்த ஆளு தான் ஓட்டிட்டு இவன் தலையில கட்டுறான்" என்கிறாள். வக்கீலும் அதையேதான் சொல்கிறாராம். டிரைவர் அண்ணனை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். நான் இங்கே கிளம்பியபோது என் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தானே? "நல்லா படிம்மா" என்றார். அந்த மனிதர் இப்படிச் செய்வாரா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையைக் கேட்டாய். எங்கள் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வேண்டாத வெளிச்சம் பட்டுத் திரும்பக் கூடாது என்று சுவர், மேசை, திருகாணி வரைக்கும் கறுப்பு. நானும், என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடமும், ஒரு கேமராவும்தான். அதன் பெயர் ஒளிப்புலக் கேமரா.

சந்தை வாசலில் நின்று, உள்ளே எத்தனை பேர் போகிறார்கள் என்று தலையை எண்ணுவது சாதாரணக் கேமரா. நீ எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டு வைத்துக்கொள்வது எங்களுடையது. அதற்காகக் கடுகைவிடச் சிறிய லென்சுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கிறோம். எந்தக் கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், படம் எடுத்து முடித்த பிறகும் கிட்டே இருப்பதையோ தூரத்தில் இருப்பதையோ நம் விருப்பப்படி தெளிவாக்கலாம். குறுக்கே இருக்கிற இலையைக்கூட மறைய வைக்கலாம்.

நம்பாவிட்டால் உன் ஜன்னல் முன்னால் நின்று தலையை வலதும் இடதுமாக ஆட்டிப் பார். கம்பி ஓடும், மரம் நிற்கும். வேகமாக ஆட்டினால் கம்பி கரைந்த மாதிரி ஆகிவிடும். எங்கள் வேலையில் பாதி அதுதான்.

மருந்துக் கடைக் கேமராவில் எடுத்த படம் ஒன்று போலீசிடம் இருப்பதாக அம்மா சொன்னாள். வேனின் பக்க ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கடையின் பெயர்ப்பலகைதான் பிரதிபலிக்கிறது, உள்ளே யார் என்று தெரியவில்லை என்றாள். ஒற்றைப் படம் என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அண்ணா. பாலில் கலந்த தண்ணீர் மாதிரி, கலந்தது கலந்ததுதான். அதை நினைத்தால் இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 4

ஊமைக்கோட்டானுக்கு,

நீ நலமா? எனக்கு இருமல் பழகிவிட்டது, அதற்கும் நான் பழகிவிட்டேன்.

நீ சொன்ன மாதிரி தலையை ஆட்டினேன். கம்பி நிஜமாகவே கரைந்தது! நான் ஆட்டுவதைப் பார்த்து வாட்ச் மெக்கானிக் ஒருவர் எழுந்து வந்து ஆட்டினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வார்டர் எட்டிப் பார்க்கும்போது ஜன்னல் முன்னால் ஆறு பேர் வரிசையாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம்.

"என்னடா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல கழண்டுருச்சா?"

"விஞ்ஞானம் சார்" என்றார் வாட்ச் மெக்கானிக்.

"அப்படியா? சாயங்காலம் ஆறு பேரும் கக்கூஸ் கழுவுங்க. அதுவும் விஞ்ஞானம்தான்."

கழுவினோம். உன் ஆராய்ச்சிக்கு எங்களால் ஆன சேவை.

டிரைவர் அண்ணன் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பார்ப்பேன். பேசுவதில்லை. நான் வாளியோடு போனால் தன் வாளியை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார். என் வாளி நிறைகிற வரைக்கும் நிற்கிறார்.

அந்தப் படம் நீ நினைக்கிற மாதிரி ஒற்றைப் படம் இல்லை. ஓடுகிற வீடியோவிலிருந்து ஒன்றை எடுத்து அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் எங்களுக்கு ஓடவிட்டுக் காட்டினார்கள். முன்னால் ஒரு கைவண்டி போகிறது, அதற்குப் பின்னால் கடையை ஒட்டியே வேன் நத்தை மாதிரி ஊர்கிறது. கைவண்டி விலகியதும் ஒரே பாய்ச்சல். அடுத்த வளைவில்தான் அது நடந்தது. சரி விடு.

அம்மாவுக்கு அடிக்கடி போன் செய்.

அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ தலையை ஆட்டினால் மரம் நிற்கிறது, கம்பி ஓடுகிறது. நீ அசையாமல் நின்று ஜன்னலே உன் முன்னால் நகர்ந்து போனாலும் அதேதான்! கேமரா நிற்கிறது, வேன் நகர்கிறது. ஒவ்வொரு நொடியிலும் பல படங்கள், ஒவ்வொன்றும் வேறு இடத்திலிருந்து பார்க்கிற ஒரு கண். கடைப் பலகையின் பிம்பம் கண்ணாடி மேல் வழுக்கிக்கொண்டே போகும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வேனோடு சேர்ந்து வருவார்கள். வேன் சீட்டின் மேல் வேன் சீட்டு பொருந்துகிற மாதிரி எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டால் பலகை கலைந்து போய்விடும். உள்ளே இருப்பவர்கள் நிற்பார்கள். கைவண்டிக்காரர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். அவர் மெதுவாகப் போனதால்தான் இது முடியும்.

மேடத்திடம் சொன்னேன். சரி என்றார். உடனே வக்கீலுக்குப் போன் செய்தேன். ஆமாம், நான்தான். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். "யாரும்மா அது, கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு" என்று இரண்டு முறை கேட்டார். புரிந்ததும் குதித்தார். "இத்தனை நாள் எங்கம்மா இருந்தே? நம்ம பையன் பக்கத்து சீட்டுல இருக்கான்னு காட்டிட்டா போதும். நாளைக்கே ஜட்ஜுக்கு மனு போட்டுடறேன்."

நீ வெளியே வரப்போகிறாய், அண்ணா.

உன் தங்கை


பிப்ரவரி 20

தங்கைக்கு,

நலம். வேண்டாத வேலை எதற்கு? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே. கண்ணாடியில் ஒன்றும் தெரியாத வரைக்கும் கேஸ் தானாக நீர்த்துப்போகும் என்று முதலில் வக்கீலே சொன்னார். மனுவைத் திரும்ப வாங்கச் சொல். நீ உன் படிப்பைப் பார்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கடிதம் சின்னதாக இருந்ததால் காய்ச்சலோ என்று நினைத்தேன்.

மனுவைத் திரும்ப வாங்க முடியாதாம். ஜட்ஜ் உத்தரவு போட்டுவிட்டார். வீடியோ எங்கள் லேபுக்கு வந்துவிட்டது. டிரைவர் அண்ணனின் வக்கீல் மறுப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தார்களாம். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சம்மதம் என்றாராம். அது மட்டும் எனக்குப் புரியவில்லை. மேடம் இருக்கிறார், படம் வந்த விதத்தை விளக்க அவரே கோர்ட்டுக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். செய்தவர்தான் வந்து சொல்ல வேண்டுமாம். வகுப்பில் பெயர் சொன்னால்கூட நான் எழுந்து நிற்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

டிரைவர் அண்ணனின் மனைவி நம் வீட்டுக்கு வந்தாராம். வாசலில் நின்றுகொண்டு, "உங்க பையனுக்கு வண்டி கத்துக் குடுத்தது தப்பாம்மா? அவனை உண்மையைச் சொல்லச் சொல்லுங்க" என்று அழுதாராம். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். "நடிப்பைப் பாரு" என்று என்னிடம் போனில் சொன்னாள். வழக்கம்போல அழாமல் போனை வைத்துவிட்டாள்.

உன் கடிதங்களை எடுத்து மறுபடியும் படித்தேன். அண்ணா, "நான் ஓட்டவில்லை" என்று ஒரு வரி எழுதிவிடு. அம்மா சொல்கிறாள், வக்கீல் சொல்கிறார், நான் மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். நீ மட்டும் இதுவரை எழுதவில்லை. யார் படித்தால் என்ன, அது ரகசியம் இல்லையே.

உன் தங்கை


ஏப்ரல் 5

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நலமா?

நடுவில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அறைக்குள் மூச்சு முட்டுகிறது. ஆளுக்கொரு முறை ஜன்னல் பக்கம் நின்றுகொள்ளலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். வாட்ச் மெக்கானிக்குக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. போகும்போது எல்லோருக்கும் கைகொடுத்தார். மரத்தில் இலை இல்லை.

காய்ச்சலில் குளிர் நடுக்கியது. எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு போர்வை வந்தது. யார் கொடுத்தது என்று வார்டரைக் கேட்டேன். "தெரியாத மாதிரி கேக்குறியே" என்றார்.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டதா?

படம் வந்துவிட்டது.

கண்ணாடி வளைந்திருந்ததால் ஆறு வாரம் பிடித்தது. முதலில் பலகையின் எழுத்துகள் இழுபட்டன, பிறகு கோடுகளாயின, பிறகு லேசான பனி மாதிரி ஆயின. அதற்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். முகங்கள் இல்லை. கடைக் கேமரா மட்டமானது, அதற்கு மேல் எந்த விஞ்ஞானமும் உதவாது. உருவங்கள் மட்டும்தான்.

ஸ்டியரிங் பக்கம் இருப்பவர் அதை இரண்டு கையாலும் மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு முன்கண்ணாடியில் இடிக்கிற மாதிரி முன்னால் குனிந்திருக்கிறார். பக்கத்து சீட்டில் இருப்பவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையை நீட்டி எதையோ காட்டுகிறார். பொறு, பொறு என்று சொல்கிற மாதிரி இருக்கிறது அந்தக் கை.

மேடம் வெகுநேரம் பார்த்தார். எங்கள் அறையில் இதுவரை வந்ததில் இதுதான் நல்ல படம் என்றார். பிறகு, "இதுல உன் அண்ணன் யாரு?" என்று கேட்டார். நான் திரையை அணைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. மாலையில் வக்கீல் போன் செய்து, "என்னம்மா, நம்ம பையன் தெரியறானா?" என்றார். "முகம் தெரியலை சார்" என்றேன். "முகம் தெரியலேன்னாலும் சரி, சாயுற ஆளு நம்ம ஆளுன்னு நான் பேசிக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து அறையை விட்டு வெளியே போகவே தோன்றவில்லை. வெளியே போனாலும் அந்த அறைதான் கூட வருகிறது.

நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய், அண்ணா?

தங்கை


ஏப்ரல் 27

தங்கைக்கு,

இதை விடுதலையாகிப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வெளியில் போய்த் தபாலில் போடுவார். படித்ததும் கிழித்துவிடு.

அம்மாவிடம் சொல்லாதே.

படம் சரியாக வரவில்லை, ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாதா? நீ ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் பேசாமல் நில். அது உனக்குக் கஷ்டமா? இத்தனை வருஷமாக அதைத்தானே செய்தாய்.

அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, அவருக்குக் குறைத்துப் போடுவார்கள் என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. எனக்கு இந்த அறையை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அண்ணன்


மே 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். கோர்ட்டில் உன்னைப் பார்த்தபோது சட்டை உன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. சாப்பிடுகிறாயா?

நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் என் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

படம் எப்படி வந்தது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் போனேன். சொல்லியும் முடித்துவிட்டேன். குரல் எழும்பவில்லை, ஜட்ஜ் இரண்டு முறை "சத்தமா சொல்லுங்கம்மா" என்றார். நம் வக்கீல் எழுந்து, சாய்ந்திருக்கிறவர் உதவிக்குப் போன பையன், குனிந்திருக்கிறவர் டிரைவர் என்று அடித்துப் பேசினார். நம்பும்படியாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை முதன்முறையாகப் பார்க்கிற யாரும் மறுத்திருக்க முடியாது. அப்போதுதான் டிரைவர் அண்ணனின் வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"இந்த ரெண்டு பேர்ல யாரையாவது உங்களுக்கு அடையாளம் தெரியுதாம்மா?"

நம் வக்கீல் குதித்தார். "முகமே இல்லாத படம், இதுல இவங்களை என்ன கேக்கறது?"

"தெரிஞ்சா சொல்லட்டும்" என்றார் ஜட்ஜ்.

நீ சொன்ன மாதிரி பேசாமல்தான் நின்றேன், அண்ணா. கொஞ்ச நேரம் நின்றேன். அதுவரைக்கும் என் மௌனத்தால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அங்கே நின்றபோது அது ஒரு ஆளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்டியரிங்ல இருக்கறது என் அண்ணன் சார்" என்றேன்.

"முகம் இல்லையேம்மா, எப்படிச் சொல்றீங்க?"

"முதுகு இருக்கு சார். எங்க அண்ணன் முதுகு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நம் வக்கீலுக்கு வேர்த்துவிட்டது. "இந்தப் பொண்ணு ரொம்ப பயந்த சுபாவம் சார். பதட்டத்துல என்ன பேசறோம்னே தெரியாம பேசுது" என்றார். ஜட்ஜும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். அப்படியே விட்டிருந்தால் நான் சொன்னது இல்லை என்று ஆகியிருக்கும்.

அப்போது கூண்டிலிருந்து நீ சொன்னாய்: "அவ பொய் சொல்ல மாட்டா சார்."

அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். டிரைவர் அண்ணன் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நீ பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அவருடைய மனைவி என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று இப்போது வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. தச்சர் வீட்டிலிருந்து யாராவது வந்திருந்தார்களா என்று தேட எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. "உன்னைப் படிக்க வச்சேனே" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. ஊரில் இப்போது எனக்கு வீடு இல்லை, இங்கே ஜன்னல் இல்லாத அறை ஒன்றுதான் இருக்கிறது.

இந்தப் படத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று மேடம் சொன்னார். "வேற வண்டிய வச்சு எழுதலாம் மேடம்" என்றேன். அவர் சரி என்றார்.

உனக்கு எவ்வளவு காலம் போடுவார்கள் என்று வக்கீலைக் கேட்டேன். என்னோடு பேச விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். வேறு ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீயாகவே வந்து சொன்னதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று அவரிடம் கேட்க வேண்டும். உன் வாயால் வந்தது ஒரே ஒரு வரிதான். ஆனால் அதைச் சொல்லாமலும் நீ இருந்திருக்கலாம்.

அடுத்த முறை பார்க்க அனுமதிக்கிற நாளில் வருகிறேன். ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மா வர மாட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை, கொடுத்த நேரம் முடிகிறவரைக்கும் நிற்பேன். நீ எதுவும் பேச வேண்டாம். நான் பேசுகிறேன். இப்போது எனக்குக் கொஞ்சம் வருகிறது.

உன் தங்கை